தூங்காத மஞ்சள்

செய்தி வந்தபோது மணி பதினொன்று பத்து. டீச்சர் பாலர் வகுப்பின் சுவரோரம் முட்டிபோட்டு உட்கார்ந்து, கீழே விழுந்துகிடந்த ஒரு நீல வட்டத்தைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவரில் ஒரு பெரிய அட்டை இருந்தது. ‘இன்று என் மனசு’ என்று தலைப்பு. காலையில் உள்ளே நுழைகிற ஒவ்வொரு குழந்தையும் ஒரு வண்ண வட்டத்தை எடுத்துத் தன் புகைப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். சந்தோஷம் என்றால் மஞ்சள், கோபம் என்றால் சிவப்பு, வருத்தத்துக்கு நீலம், அமைதிக்குப் பச்சை, சொல்லத் தெரியாவிட்டால் வெள்ளை. மேலிடத்திலிருந்து வந்த ஏற்பாடு. இருபத்தொரு குழந்தைகளில் பதினேழு பேர் தினமும் மஞ்சளைத்தான் ஒட்டுவார்கள். அதில்தான் சிரிக்கும் முகம் வரைந்திருந்தது. ஒரு பெண் மட்டும் நாள் தவறாமல் சிவப்பு ஒட்டுவாள். ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டதற்கு, கோபமெல்லாம் இல்லை, என் பை சிவப்பு என்று சொல்லிவிட்டாள்.

ஆயா வாசலில் வந்து நின்றாள். “டீச்சர், ஆபீஸ்ல உங்களுக்கு போன். உங்க வீட்டுக்காரர் கடையிலேருந்து.”

அவர்தான் என்று டீச்சர் நினைத்தாள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. இருபத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு பெரியது வந்ததில்லை. சமாதானம் பேச அவரே கூப்பிடுகிறார், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று தோன்றியது. நீல வட்டத்தை அழுத்தி ஒட்டினாள். விரலில் இருந்த பசையைத் துடைத்தாள். அலமாரியில் துணியை மடித்து வைத்தாள். பிறகுதான் நடந்தாள், அதுவும் நிதானமாக.

போனில் கடை முதலாளி. “டீச்சர், அண்ணன் ஸ்டூல்ல உக்காந்த மாதிரியே சாஞ்சிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். நீங்க வந்துடுங்க.”

“பேசறாரா?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

*

அவரைக் கடையில் எல்லோரும் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியைவிட வயதில் பதினைந்து வருஷம் மூத்தவர் என்பதால் முதலாளி மட்டும் அண்ணன் என்பார். மற்றவர்களுக்குச் சொட்டு, சொட்டண்ணன், ஒரு கொத்தனாருக்கு மட்டும் சொட்டு சார். பெயிண்ட் கடையில் நிறம் கலக்குவது அவர் வேலை. வாடிக்கையாளர் ஒரு துணியையோ, உடைந்த ஓட்டுத்துண்டையோ, பழைய சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லையோ கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். கடையில் மிஷின் உண்டு; நம்பரை அடித்தால் நிறம் வரும். ஆனால் உடைந்த ஓட்டுக்கு ஏது நம்பர்? அதற்குத்தான் சொட்டு. சாயம் சேராத வெள்ளை பேஸை டின்னில் ஊற்றி, சாயப்புட்டியைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக எண்ணி விடுவார். ஒரு குச்சியால் அட்டையில் தடவிக் காயவிட்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். கடைக்குள் எரிகிற விளக்கை அவர் நம்பியதே இல்லை. திரும்பி வந்து “ஒரு சொட்டு வேணும்” என்பார். அதோடு நிறம் உட்கார்ந்துவிடும்.

பத்தொன்பது வயதில் சுவருக்கு வெள்ளையடிக்கிறவராகத்தான் ஆரம்பித்தார். ஏணியிலிருந்து விழுந்து குதிகால் உடைந்த பிறகு, நிற்க வேண்டாத வேலை தேடிக் கடைக்கு வந்தார். வந்த இடத்தில் நாள் முழுக்க நின்றார் என்பது வேறு கதை.

டீச்சர் அவரை முதலில் பார்த்ததும் கடையில்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் அடிக்கப்போகிறார்கள், நீ போய்த் தேர்ந்தெடுத்து வா என்று அனுப்பியிருந்தார்கள். குழந்தைகளைச் சத்தம் போடாமல் உட்காரவைக்கிற நிறம் எது என்று கேட்டாள். படித்த புத்தகத்தில் அப்படி ஒன்று இருப்பதாக இருந்தது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்படி ஒண்ணு இருந்தா முதல்ல எங்க அக்கா வீட்டுக்கு அடிச்சிருப்பேனே டீச்சர்” என்றார். பேர் தெரிந்துகொள்வதற்கு முன்பே விழுந்த அந்த ‘டீச்சர்’ கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் கலர் கேட்பதில்லை, மருந்து கேட்கிறார்கள் என்பார் அவர். சாப்பிடும் அறைக்குச் சிவப்பு கேட்டு ஒரு அம்மாள் வந்தாள். எந்தச் சிவப்பைக் காட்டினாலும் போதவில்லை. கடைசியில், வீட்டுக்காரர் சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை, சிவப்பு அடித்தால் பேச்சு வரும் என்று யாரோ சொன்னார்கள் என்றாள். ஒரு கணக்காளர் வந்து, எது வேண்டுமானாலும் கொடுங்கள், ஊதா மட்டும் வேண்டாம் என்றார். ஏன் என்று சொட்டு கேட்கவில்லை. அவரே நான்காம் நாள் தனியாக வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார். விட்டுப்போனவளுக்குப் பிடித்த நிறம். பல் டாக்டர் ஒருவர் பயத்தைக் குறைக்கிற வெள்ளை வேண்டும் என்றார். வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, “பயத்தைக் குறைக்கணும்னா மெஷின் சத்தத்தக் குறைக்கணும், என்கிட்ட வந்து நிக்கறார்” என்று சொல்லிச் சிரித்தார்.

போன மாதம் அந்த வட்டங்களை வெட்டுவதற்காக டீச்சர் வண்ணத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எந்த நிறத்துக்கு எந்த உணர்ச்சி என்ற பட்டியலை அவர் வாங்கிப் படித்தார்.

“நீலம் சோகமா? வானத்தைப் பாத்து எவன் அழுதான்?”

“மேலிடத்துல எழுதி அனுப்பியிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“கலருக்கு மனசு கிடையாது டீச்சர். நாம எதைக் கொண்டுபோய் அதுமேல வெக்கறமோ அதுதான் அதுக்கு.”

பச்சை என்ற வரிக்கு வந்ததும் அவர் படிப்பதை நிறுத்தினார். அமைதிக்குப் பச்சை. ஆஸ்பத்திரியின் அந்த அறைச் சுவரும் இளம்பச்சைதான்.

*

அவர்களுக்கு ஒரே குழந்தை. பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வைத்த பெயர் வருகைப் பதிவோடு நின்றுவிட்டது. நாலு வயதில் அவளுக்குத் தனி அறை. மேற்குப் பார்த்த ஜன்னல், ஒரு கட்டில், ஒரு அலமாரி. பகலில் ராணி மாதிரி இருப்பாள். விளக்கை அணைத்தால் தீர்ந்தது. அழுகை தெருமுனை வரை கேட்கும். விளக்கை எரியவிட்டாலும் தூக்கம் வராது. டீச்சர் படித்த படிப்பையெல்லாம் பிரயோகித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்ததும் பாப்பா அவர் மடியில் ஏறி, “அப்பா, லைட்டு ஆஃப் பண்ணினாலும் எரியற கலர் இருக்கா உங்க கடையில?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பதினோரு நாள் கலக்கினார். கடை மூடுவதற்கு முன் ஒரு அட்டை தடவிக்கொண்டு வருவார். அப்பாவும் பெண்ணும் அறைக்குள் போய், ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வரும்போது அட்டையைச் சுவரில் பிடித்துப் பார்ப்பார்கள். “இது தூங்கிடுச்சுப்பா” என்பாள் அவள். அது கழிக்கப்படும். மஞ்சள் கூடினால் கண்ணைக் குத்தியது. குறைத்தால் வெள்ளையோடு கலந்து காணாமல் போனது. பதினோராம் நாள் அவர் அதில் ஒரே ஒரு சொட்டு கறுப்பு விட்டார். டீச்சர் பதறிப்போய், இருட்டுக்குப் பயப்படுகிற குழந்தைக்குக் கறுப்பா என்றாள்.

“கறுப்பு இல்லன்னா மஞ்சள் கத்தும் டீச்சர். ஒரு சொட்டு விட்டாத்தான் அது வாயை மூடிக்கிட்டு வெளிச்சத்தை மட்டும் பிடிச்சுக்கும்” என்றார். கறுப்புப் பட்டால் மஞ்சள் பச்சைக்குச் சாயும், அதைத் தடுக்க அதற்கு முன் ஒரு சொட்டு சிவப்பும் விட்டிருக்கிறேன் என்று விளக்கினார். அவளுக்குப் புரியவில்லை. அட்டையைச் சுவரில் பிடித்தார்கள். சூரியன் போன பிறகும் வெகுநேரம் அந்த அட்டை மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

“இது தூங்கல” என்றாள் பாப்பா.

தூங்காத மஞ்சள் என்று அதற்கு அவளே பேர் வைத்தாள். அப்பா தன் குறிப்பேட்டில் எத்தனை சொட்டு என்று எழுதிக்கொண்டு, மேலே ‘வீடு’ என்று மட்டும் தலைப்பிட்டார். அதற்குப் பிறகு அவள் அழவில்லை. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட யாரையும் கூப்பிட மாட்டாள். இடது பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே கட்டிலிலிருந்து கதவு வரை நடந்து வருவாள்.

ஆறு வயதில் ஒரு காய்ச்சல். ஐந்தே நாள், ஆஸ்பத்திரியின் அந்த இளம்பச்சை அறையில்.

அவர் பிறகும் அதே கடைக்குத்தான் போனார். இளம்பச்சை கேட்டு யார் வந்தாலும் முடியாது என்று சொன்னதில்லை. முகம் மாறாமல் கலக்கிக் கொடுப்பார். அவர்கள் போனதும் பின்பக்கக் குழாய்க்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். மற்ற எந்த நிறத்துக்கும் அப்படிக் கழுவ மாட்டார். சோறு சாப்பிடப் போகும்போதுகூட நகக்கண்ணில் சிவப்போ நீலமோ இருக்கும். முதலாளி இதை இரண்டு வருஷம் கழித்துத்தான் கவனித்தார். கவனித்ததைச் சொல்லவில்லை.

டீச்சருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. இடது பக்கச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, கட்டிலிலிருந்து கதவு வரை மங்கலாக ஒரு கோடு. இரண்டு வருஷம் ஒரு சின்னக் கை தேய்த்துத் தேய்த்துப் படிந்த அழுக்கு. வாரத்துக்கு ஒரு தடவை அந்த அறையைத் துடைக்கும்போது, கோட்டுக்கு மேலே துடைப்பாள், கீழே துடைப்பாள். கோட்டின்மேல் துணி படாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத் துடைப்பாள். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். தனியாகப் பார்ப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

இருபத்திரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. அந்த அறை பெயருக்கு டீச்சரின் பள்ளிக்கூடச் சாமான்கள் வைக்கிற இடம். சாயங்காலம் அவர் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவார். விளக்குப் போட மாட்டார்.

*

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தவர், “சுவர் வெளுத்துக்கிட்டே வருதே, கவனிச்சியா?” என்று கேட்டார்.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். “அப்படியேதான் இருக்கு.”

“இல்ல. மஞ்சள் போயிடுச்சு.”

அடுத்த வாரமும் அதையே சொன்னார். பிறகு அடிக்கடி. வயதாகிறது, மனசு அங்கேயே சுற்றுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வட்டங்கள் வெட்டும்போது மஞ்சள் கட்டுக்குள் பன்னிரண்டு வெள்ளை வட்டங்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். பேச்சு சுவாரசியத்தில் கவனக்குறைவு என்று அவள் பிரித்து வைத்தாள். அந்தப் பல் டாக்டர் மறுபடி சுவர் அடிக்க வெள்ளை வாங்கிப்போய், பாலாடை நிறத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அவர் வாழ்நாளில் திரும்பி வந்த முதல் டின். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டாக்டருக்குக் கண் சரியில்லை என்றார். இப்போது வருகிற சாயத்தில் சத்தே இல்லை என்றார். எல்லாவற்றையும் குற்றம் சொன்னார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சந்தேகப்பட அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. கண்ணை நம்பித்தானே அந்த வீடு ஓடியது.

சனி, ஞாயிறு இரண்டு நாள் டீச்சருக்குப் பயிற்சி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஐந்தரை மணிக்கு அவள் வீடு திரும்பிக் கதவைத் திறந்ததுமே பெயிண்ட் வாசனை முகத்தில் மோதியது. அவர் பழைய சட்டையில் நின்றார். முழங்கை வரை தெறிப்பு. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி ஒரு முகம்.

“கண்ணை மூடிக்கோ டீச்சர்” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

கண்ணைத் திறந்தாள். பள்ளி வேனின் மஞ்சள். ரோட்டில் பள்ளம் தோண்டினால் சுற்றி நிறுத்துவார்களே, அந்தப் பலகையின் மஞ்சள். மூன்று சுவர்களும் மேற்கு வெயிலில் எரிந்தன. கூரையும் தரையும் அவர் முகமும்கூட மஞ்சளாகிக் கிடந்தன. அலமாரி நிற்கிற நான்காவது சுவர் மட்டும் பழையபடி இருந்தது. அலமாரியை ஒற்றை ஆளாக நகர்த்த முடியவில்லை என்றார்.

“பழைய கணக்குப்படி போட்டா வெள்ளையாவே நிக்குது டீச்சர். சாயத்துல சத்து இல்ல. விட்டுக்கிட்டே போனேன். இப்பத்தான் பழையபடி வந்திருக்கு, பாத்தியா?”

அவள் இடது பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு இல்லை.

“கோட்டை அழிச்சிட்டீங்களே” என்றாள்.

“எந்தக் கோடு?”

“பாப்பா கை பட்ட கோடு. இருபத்திரண்டு வருஷமா அதுல ஒரு ஈரத்துணி படாம பாத்துக்கிட்டேன். ஒரு தடவ பறிகொடுத்தது போதாதா? மிச்சம் இருந்ததையும் உங்க கையாலயே மூடிட்டீங்க. கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?”

யாரும் யாரையும் திட்டும்போது சொல்கிற வார்த்தைதான். பாலைக் கொட்டினால் சொல்வார்கள், எதிரே வந்து இடித்தால் சொல்வார்கள். அவள் அவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் சுவருக்குப் பக்கத்தில் போய், இன்னும் முழுக்கக் காயாத பெயிண்டின்மேல் விரல் நுனிகளை வைத்து மெல்ல நகர்த்தினார். எதையோ தடவிக் கண்டுபிடிக்கப் பார்க்கிற மாதிரி.

“எவ்ளோ உயரத்துல?” என்று கேட்டார்.

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. மஞ்சள் கட்டுக்குள் வெள்ளை வட்டங்கள். பாலாடை நிறத்தில் திரும்பி வந்த வெள்ளை. வெளுக்காத சுவரில் அவர் மட்டும் பார்த்த வெளுப்பு. போன வருஷம் கண்புரை எடுத்துக்கொண்ட தலைமையாசிரியை, கட்டு அவிழ்த்த அன்று, என் புடவை இவ்வளவு வெள்ளையா என்று கேட்டது ஞாபகம் வந்தது. பழையபடி வந்திருக்கிறது என்று அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கண்ணுக்கு அதுதான் பாப்பாவின் மஞ்சள்.

குழாயை மூடினாள். போய்ச் சொல்ல வேண்டும் என்று இரண்டடி எடுத்தும் வைத்தாள். ஆனால் கோட்டை நினைத்ததும் நின்றுவிட்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள். அரை மணி நேரத்தில் முடிகிற சின்ன அறுவை சிகிச்சை. ஒரு நாள் கழித்துச் சொன்னால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று நினைத்தாள்.

காலையில் அவள் குளியலறையில் இருந்தாள். வெளியே செருப்புப் போடும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக. “டீச்சர், நான் கிளம்பறேன்” என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் நின்றார் என்று தெரிந்தது. அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

*

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், இரண்டு வாரம் கழித்து டீச்சர் கடைக்குப் போனாள். அவருடைய சாப்பாட்டு டப்பாவும் கண்ணாடியும் அங்கே இருப்பதாக முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். அவள் தம்பி, நானும் வருகிறேன் என்றான்; வேண்டாம் என்றுவிட்டாள். அந்த அறையை நானே பழைய நிறத்துக்கு அடித்துத் தருகிறேன் அக்கா என்று அவன் இரண்டு தடவை கேட்டிருந்தான். அதற்கும் அவள் பதில் சொல்லியிருக்கவில்லை.

முதலாளி அவருடைய மேஜையைத் தொடாமல் வைத்திருந்தார். அன்றைக்கு நடந்ததை உட்காரவைத்துச் சொன்னார்.

கடை திறக்கும்போதே சொட்டு வாசலில் நின்றாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நகத்தளவு பெயிண்ட் செதில். வீட்டில் அலமாரி நிற்கிற பழைய சுவரிலிருந்து சுரண்டி எடுத்தது என்றார். அதை ஒரு வெள்ளை அட்டையின்மேல் வைத்து, முதலாளியை வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டார்.

“‘இதுல எத்தனை கலர் தெரியுது உங்களுக்கு’ன்னு கேட்டார். ரெண்டுண்ணே, அட்டை வெள்ளை, இது இளமஞ்சள்னு சொன்னேன். ‘எனக்கு ஒண்ணுதான் தெரியுது’ன்னார். நான் சிரிச்சிட்டேன் டீச்சர். விளையாடறார்னு நெனச்சேன்.”

டீச்சர் கண்ணாடிக்கூட்டைத் திறந்து மூடினாள்.

“அப்புறம் சொன்னார், ‘டீச்சர் சொன்னது சரிதான்’னு. நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கல. சாயங்காலம் சீக்கிரம் போகணும், கண்ணு டாக்டரைப் பாக்கணும்னார். உங்களையும் கூட்டிக்கிட்டுப் போறதாச் சொன்னார்.”

பிறகு பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்திருக்கிறார். பார்க்க வேண்டாம், எண்ணினால் போதும், எண்ணுவதற்குக் கண் எதற்கு என்று சொல்லிக்கொண்டே ஒரு டின்னில் வெள்ளை பேஸை ஊற்றினார். ஒவ்வொரு சாயமாகச் சொட்டு விட்டு, எதிரே பென்சிலால் டிக் போட்டுக்கொண்டு வந்தார். பத்தே காலுக்கு ஒரு அம்மாள் மகனுடைய அறைக்கு இளம்பச்சை கேட்டு வந்தாள். காத்திருக்கச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கலக்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் போனதும் பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கை இன்னும் ஈரமாக இருந்தது என்று முதலாளி சொன்னார். தூக்கும்போது தன் சட்டையெல்லாம் ஈரமாயிற்றாம்.

டின் மேஜைமேலேயே இருந்தது. மூடியைச் சும்மா மேலே வைத்திருந்தார்கள். டீச்சர் அதை நகர்த்திப் பார்த்தாள். மேலே மெல்லிசாக ஆடை படிந்திருந்தது. அடியில் தெரிந்த மஞ்சள் அவளுக்குத் தெரிந்த மஞ்சள்தான், ஆனால் முழுசாக இல்லை. லேசாகச் சிவந்து, காதைத் திருகிவிட்ட குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

“சொல்லுங்க டீச்சர், மிச்சத்தை நான் முடிச்சு, நல்லா ஆட்டிக் குடுத்துடறேன். ரெண்டு நிமிஷ வேலை.”

“இருக்கட்டும்” என்றாள்.

குறிப்பேடு டின்னுக்குப் பக்கத்தில் விரித்தபடி கிடந்தது. மேலே ‘வீடு’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஐந்து வரிகள். வெள்ளை பேஸ்: டிக். மஞ்சள், பதினொரு சொட்டு: டிக். காவி, நாலு சொட்டு: டிக். சிவப்பு, ஒரு சொட்டு: டிக். கறுப்பு, ஒரு சொட்டு என்ற கடைசி வரிக்கு எதிரே டிக் போடப்படவில்லை.